ரேஸ் எறங்காத வண்டி

அய்யோ, அதுல கை வெக்காதீங்க தம்பி. ஸ்க்ரூவை அப்பிடியே உடுங்க. மொதல்ல இந்தக் காப்பியைக் குடிங்க, ஆறிப்போகுது. ஆமாங்க, போன் பண்ணி வரச் சொன்னது நாந்தானுங்க. பட்டறையைப் பூட்டிப்போட்டு ஆட்டையாம்பட்டியில இருந்து வந்திருக்கீங்க, தெரியுது. இந்தப் பழைய பைக்கு எங்க போயிரும்? சித்த அந்தச் சேர்ல உக்காருங்க.

எங்கூட்டுக்காரருங்களா? சேலம் போயிருக்காரு. இதுக்குத்தான், ஒரு ரப்பரு வாங்கறதுக்கு. கார்ப்ரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவால ஒண்ணு இருக்குதுங்களே, அதேதான். பழசைக் கழட்டி சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போங்கன்னேன். எனக்குத் தெரியாத ரப்பரான்னுட்டு வெறுங்கையோட பஸ் ஏறிட்டாரு. ஒரு கடையில இல்லைன்னா அடுத்த கடை, அங்கயும் இல்லைன்னா கடைக்காரங்கிட்டச் சண்டை. மத்தியான பஸ்ஸுக்குத்தான் வருவாரு. அதுக்குள்ள நான் உங்ககிட்டப் பேசி முடிக்கோணும்.

இல்லீங்க, ஸ்க்ரூவில ஒண்ணுமில்லை. அதெல்லாம் எப்பவோ பாத்தாச்சு. கேபிளும் இல்லை. வண்டியை ஓட உட்டு, ஹேண்டில்பாரை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பிப் பாத்தா, கேபிளு இழுத்துப் புடிச்சிருந்துதுன்னா சத்தம் ஏறும். இது ஏறலை. சோக்கும் எறக்கித்தான் இருக்குது. ஏனுங்க சிரிக்கறீங்க? நான் ஏழாவதோட நின்னவ. ஆனா இந்த நாலு மாசத்துல கார்ப்ரேட்டருல ஒரு பரிச்சை வெச்சீங்கன்னா எழுதிப்போடுவேன்.

அவரு பேரு மயில்சாமிங்க. நாமக்கல்லு லாரியில டிரைவரு. கண்ணாலமான நாள்ல இருந்து ஓட்டிட்டுத்தான் இருந்தாரு. குஜராத்து, பீகாரு, அஸ்ஸாமு, போகாத ஊரில்லை. ஊட்டுக்கு வந்தா ரெண்டு நாளு. ஒரு நாளு தூக்கம், ஒரு நாளு அவரு துணியை நான் தொவைக்கறது. மூணாவது நாளு லோடு ஏறிருச்சுன்னு போன் வந்துரும். எம்பொண்ணு தமிழினி பொறந்தப்ப நாக்பூர்ல நின்னாரு. அவளைப் பள்ளிக்கூடத்துல சேத்தப்ப ஒரிசாவோ என்னமோ. குறை சொல்றனுன்னு நினைச்சுக்காதீங்க. அவரு போயி ஓட்டுனாத்தான் இங்க அடுப்பு எரியும். எனக்கும் பழகிருச்சு.

போன வருசம் கண்ணுல பிரசருன்னாங்க. தலைக்கு வர்ற பிரசரு இல்லீங்களாம், கண்ணுக்குள்ளயே வர்றதாம். வலது கண்ணு சுத்தமாப் போச்சு. இருக்கற இடது கண்ணைக் காப்பாத்தறதுக்கு மருந்து ஊத்திட்டு இருக்கறோம். இனி லாரியைத் தொடாதீங்கன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு.

ஊட்டுக்கு வந்து அந்தக் கட்டல்ல படுத்தாரு பாருங்க. சண்டை போட்டாலும் பரவால்லை, குடிச்சாலும் கேள்வி கேக்கலாம். ஒண்ணுமில்லை. செவுத்தைப் பாத்துட்டுப் படுத்துக்குவாரு. சாப்பிடக் கூப்பிட்டா வருவாரு, சாப்பிட்டுப்போட்டு மறுபடி செவுரு. ஒருக்கா வேணும்னே உப்பே போடாமக் கொழம்பு வெச்சனுங்க, வாயைத் தொறந்து ஒரு திட்டுத் திட்டுவாருன்னு. மளமளன்னு தின்னுட்டுக் கையைக் கழுவிட்டாரு. அன்னைக்கி நான் பொறக்கடையில போயி உக்காந்து அழுதேன். சரி, அதை உடுங்க.

அப்பறம் எந்தம்பி ரங்கன், உங்க நம்பரு குடுத்தானே அவனேதான், இந்த வண்டியை எடுத்துட்டுச் சந்தைக்குப் போனான். கெடந்த வண்டிதானேன்னு நாந்தான் குடுத்தேன். திரும்பி வாசல்ல வந்து நிறுத்தறான், வண்டி ரைஸ் மில்லாட்டம் கத்துது. ரேஸை முழுசா உட்டாலும் இஞ்சின் சத்தம் எறங்க மாட்டேங்குதுக்கான்னு சொல்றான். நான் அவனைத் திட்டறதுக்கு வாயைத் தொறக்கறேன், உள்ள இருந்து ஒரு சத்தம். ஏர் இழுக்குதுடா, ஆஃப் பண்ணுடா பொழப்பத்தவனேன்னு.

எனக்கு மேலெல்லாம் சிலுத்துப்போச்சுங்க. மாசக்கணக்கா ம்முன்னு இருந்த மனுசன்.

எந்திரிச்சு வந்தாரு. வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வண்டிப் பக்கத்துல குந்துனாரு. வசந்தா, ஒரு சொம்புத் தண்ணி கொண்டான்னாரு. குடிக்கறதுக்குன்னு பாத்தா, விரல்ல தொட்டுத் தொட்டு அந்த ரப்பரு மேல தெளிக்கறாரு, நலுங்கு வெச்ச பொண்ணுக்குத் தெளிக்கறாப்பல. தண்ணி பட்டதும் சத்தம் தணியுது, காஞ்சதும் ஏறுது. பாத்தயா, இங்கதான் ஏர் போகுதுன்னு என்ற கையைப் புடிச்சு அங்க வெச்சுக் காட்டறாரு. கிளிப்பு லூசு. முறுக்குனாரு, வண்டி பூனையாட்டம் உக்காந்துக்கிச்சு. அன்னைக்கி ராத்திரி சோத்துல ரசம் பத்தலைன்னு கேட்டு வாங்கித் தின்னாரு.

அடுத்த நாளு காலையில பாத்தா, பழையபடி செவுரு.

ஆனா என்ன, அந்த வாரமே வண்டி மறுபடி கத்த ஆரம்பிச்சிருச்சு. பாத்தா ஸ்க்ரூ உள்ள போயிருக்குது. ஓட்டற குலுக்கல்லயே திரும்பிருச்சுன்னாரு. அதைச் சரி பண்ணுனாரு. அடுத்தது கேபிளு. அப்பறம் பெட்ரோல் வர்ற ஜெட்டு அடைச்சுக்கிச்சு. மொத்தக் கார்ப்ரேட்டரையும் கழட்டி, என்ற இட்லித் தட்டுல பரப்பி வெச்சுப் பெட்ரோல்ல கழுவுனாரு. இன்னும் அந்தத் தட்டுல இட்லி ஊத்துனா வாசம் வருதுங்க. அந்தச் சின்ன ஜெட்டை வெயிலுக்கு நேராப் புடிச்சு, ஓட்டை தெரியுதா பாருன்னு என்கிட்டக் குடுப்பாரு. எனக்குக் கண்ணு, அவருக்குக் காது. அப்பிடியே ஓடிட்டிருக்குது.

வேலை செய்யறப்பத்தான் பேச்சு வரும். அஸ்ஸாமுல மழையில ரோடு அறுத்துக்கிட்டு ஒரு வாரம் டீக்கடையில கெடந்தாராம். அந்தக் கடைக்கார அம்மா என்னாட்டமே மூக்குத்தி போட்டிருந்துச்சாம். அதைப் பாத்துட்டு அன்னைக்கிச் சாப்பிடாம எந்திரிச்சுட்டாராம். எப்ப நடந்ததுங்கறீங்க? தமிழினி கைக்குழந்தையா இருந்தப்ப. அத்தனை வருசம் இதை என்கிட்டச் சொல்லலை. ஜெட்டைக் கழுவறப்பச் சொல்றாரு.

இப்பக் கடைசியா இந்த ரப்பரு. ஓட்டை உழுந்திருக்குதுன்னு விரல்லயே தடவிக் கண்டுபுடிச்சுட்டாரு. எலி கடிச்சிருக்குதுன்னு சொல்லி, வண்டிக்குக் கீழ எலிப்பொறி வெச்சாரு, தேங்காச் சில்லோட. அந்தக் கெரகத்துக்கு ஒரு எலியும் வந்து மாட்டிக்கிச்சு! தெருவெல்லாம் காட்டுனாரு, இதுதான் என்ற வண்டியைக் கெடுத்ததுன்னு. பாவம், அது எங்கிருந்து வந்துதோ.

ஏனுங்க, அந்த ரப்பர்ல டார்ச்சு அடிச்சு என்ன பாக்கறீங்க?

ஆமாங்க. வட்டமாத்தான் இருக்குது. மூணு ஓட்டையும் ஒரே அளவு. எலிப்பல்லு அப்பிடி இருக்காதுங்களா?

கோணூசிங்க. மூட்டை தைக்கறது. நாந்தானுங்க குத்துனேன்.

எல்லாமே நாந்தானுங்க தம்பி. ரங்கன் ஓட்டிட்டு வந்த மொதத் தடவை மட்டுந்தான் அதுவாக் கெட்டது. அப்பறம் ஸ்க்ரூவை முறுக்குனது, கேபிளை இழுத்து வெச்சது, ஜெட்டுல சோப்புத் துண்டை அடைச்சது, எல்லாம் அவரு குளிக்கப் போறப்ப நான் பண்ணது. எனக்கு எப்பிடித் தெரியும்? அவருதான் சொல்லிக் குடுத்தாரே, எது கெட்டா என்ன ஆகும்னு ஒவ்வொண்ணா. நான் அதையே அடுத்த வாரம் பண்ணிருவேன். சிரிங்க, சிரிங்க. எனக்கே சிரிப்பாத்தான் இருந்துச்சு, போன வெள்ளிக்கெழமை வரைக்கும்.

அன்னைக்கி, புது ரப்பரு வாங்கற வரைக்கும் இப்பிடியே ஓட்டலாமான்னு பாக்கறேன்னு வண்டியை எடுத்தாரு. கத்திட்டு நிக்கற வண்டி, கியரு போட்டதும் துள்ளிக்கிட்டுப் பாஞ்சிருச்சு. வலது பக்கத்துல இருந்து பால்வண்டி வாரது அவருக்குத் தெரியலை. அந்தக் கண்ணுதான் இல்லீங்களே. ஒரு சாண் தம்பி. பால்காரரு வண்டியை ஒடிச்சுத் திருப்புனாரு, இவரு வேலியில போயி உழுந்தாரு. முழங்கையெல்லாம் சிராய்ப்பு. நான் ஓடிப் போயித் தூக்குனா, பாத்தயா வசந்தா, அந்த எலி என்னையக் கொன்னிருக்கும்னு சிரிக்கறாரு. அன்னைக்கே அந்த ஊசியைக் கொண்டு போயிப் பொறக்கடையில வீசிட்டனுங்க.

அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னது. அவரு ரப்பரோட வருவாரு. கூட நின்னு மாட்டிக் குடுங்க. எல்லாத்தையும் ஒருக்கா பாத்து, இனி ரேஸ் தானா ஏறாதபடிக்குப் பண்ணிப்போடுங்க. நான் இனி அந்த வண்டிக்கிட்டயே போகமாட்டேன்.

ஆனா வண்டி நல்லாயிருச்சுன்னா மறுபடி அந்தச் செவுருதானுங்களே. உங்க பட்டறைக்கு இந்த மாதிரிப் பழைய வண்டிக வருங்கள்ல? ஓட்டற வேலை வேண்டாங்க. உக்காந்த எடத்துல காதுல கேட்டுச் சொல்லுவாரு, கழட்டிக் கழுவி மாட்டிக் குடுப்பாரு. நீங்களாக் கேக்கறாப்பலக் கேக்கோணும். நான் சொன்னேன்னு தெரிஞ்சா வரமாட்டாரு.

ரெண்டு வண்டி இப்பவே கெடக்குதுங்களா? அதுல ஒண்ணுக்கு ஒரு மாசமா ரேஸ் எறங்கவே இல்லீங்களா? நெசமாத்தான் சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா? உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்க.

இன்னொண்ணும் கேக்கட்டுங்களா? பட்டறையிலயே எல்லாத்தையும் கழுவிப்போடாம, அப்பப்ப ஒரு கார்ப்ரேட்டரை மட்டும் ஊட்டுக்குக் குடுத்து உடுங்க. அவருக்காகத்தான் இத்தனையும் பண்ணேன்னு நானும் நினைச்சுட்டிருந்தனுங்க தம்பி. அவரு பேசோணும், அவரு எந்திரிக்கோணும்னு. போன வெள்ளிக்கெழமை வேலியில இருந்து அவரைத் தூக்குறப்பத்தான் தெரிஞ்சுது, எனக்காகத்தான் பண்ணியிருக்கறேன். கட்டுன நாள்ல இருந்து அவரு என்கிட்டப் பேசுனது இந்த நாலு மாசந்தானுங்க.

அதா, பஸ்ஸு நிக்குது, அவருதான் எறங்கறாரு. டம்ளரைக் குடுங்க. கண்ணைத் தொடைக்கறனுன்னு பாக்காதீங்க, வெயிலு. இப்பத்தான் வந்தாப்பல வண்டிப் பக்கத்துல நில்லுங்க, பேரு என்ன சொன்னீங்க, கதிர்வேலுங்களா, சரி, சரி.

ஏனுங்க, வெசையா வாங்க! ரப்பரு கெடைச்சுதுங்களா? இதாருன்னு பாருங்க, ஆட்டையாம்பட்டி மெக்கானிக்குத் தம்பி கதிர்வேலு. எந்த வண்டிக்கோ ரேஸ் எறங்க மாட்டேங்குதாம். உங்களைத்தான் பாக்கோணும்னு கேட்டுக்கிட்டு வந்திருக்குது.