ஜெப நேரத்துச் சத்தம்

இல்ல தம்பி, கம்ப்யூட்டர் பெட்டி நல்லாத்தான் ஓடுது. நீங்க மொதல்ல உக்காருங்க. எங்க வீட்டு சார் பின்னால செடிக்குத் தண்ணி விட்டுக்கிட்டு இருக்காவ. அவுக வாரதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருதேன்.

போன தடவை எதுக்கு வந்திய, ஞாபகம் இருக்கா? ஆமா, அந்தக் கரகர சத்தத்துக்குத்தான். யாரும் தொடாமலே பெட்டி உள்ளுக்குள்ள அரைக்கும், செவப்பு லைட்டு மினுக் மினுக்குன்னு அடிக்கும். அதுவும் சொல்லி வச்ச மாதிரி, சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு நாங்க முழங்கால் போடுத நேரத்துலதான். சாருக்குக் கோவம் வந்துரும். இந்தச் சனியன ஒண்ணு சரி பண்ணு, இல்ல தூக்கி வெளிய போடுன்னாவ.

நீங்களும் பொறுமையா ஒண்ணொண்ணா நிப்பாட்டிப் பாத்திய. வைரஸ் தேடுதத நிப்பாட்டினிய, சத்தம் நிக்கல. அப்டேட்ட நிப்பாட்டினிய, அதுக்கும் நிக்கல. நெட்டு வயரப் புடுங்கினதும் கப்சிப்னு ஆயிட்டு. பொறவு எந்த புரோகிராம் டிஸ்க்குல எழுதுதுன்னு தொறந்து பாத்துட்டு, பைய எங்கிட்ட கேட்டிய, பெர்சிஸ்னா யாரும்மான்னு.

எம் மகதான்னேன். வேற என்னத்தச் சொல்ல? கூட வேலை பாத்த பையன பெங்களூர்ல ரிஜிஸ்தர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. பாஸ்டர் முன்னாலயே சார், எனக்கு மக இல்லன்னுட்டாவ. அவளும் ரோஷக்காரி, நம்பர மாத்திட்டா.

அவ காலேஜ் படிக்கப்ப வாங்கின பெட்டி இது. அவ கணக்கு இதுல இன்னும் கெடக்கு, வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போனதும் அவ போனு வீட்டு நெட்டப் புடிக்கும், அன்னைக்கு எடுத்த போட்டோ எல்லாம் இங்கயும் வந்து எறங்கும், அந்தச் சத்தம்தான்னு நீங்கதான வெளக்கினிய. தொறந்து காட்டவான்னும் கேட்டிய. வேண்டாம்னுட்டேன். அவ நமக்கு அனுப்பலையே தம்பி. அனுப்பாதத எப்படிப் பாக்க?

சாருட்ட, பழைய பெட்டின்னா அப்படித்தான் அரைக்கும்னு சொல்லச் சொன்னேன், நீங்களும் சொன்னிய. அதுலேருந்து தெனமும் ஜெபத்துல எங் காது அங்கனதான் இருக்கும். சத்தம் வந்துட்டா, பிள்ள வீடு போய்ச் சேந்துட்டான்னு தெரியும்லா. அது போதும்னு இருந்தேன்.

ஞாயித்துக்கெழமையிலேருந்து சத்தம் இல்ல.

வயரு கழண்டிருக்கான்னு நானே குனிஞ்சு பாத்தேன். எல்லாம் மாட்டித்தான் இருக்கு. யாருக்குப் போன் போட்டுக் கேக்க? எங்கன போய்த் தேட? ஐயோ, இப்பம் போட்டோவத் தொறக்காதீய. கடைசியா என்னைக்கு வந்ததுன்னு பொறவு பாப்போம். மொதல்ல வயரப் பாருங்க.

சாருக்கா? ஒண்ணும் தெரியாதுன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். ஜெபத்துல சொந்தபந்தம் எல்லாரையும் பேர் சொல்லி ஜெபிப்பாவ, அவ பேர மட்டும் தாண்டிப் போயிருவாவ. நேத்து பாதியில நிறுத்திட்டாவ. கண்ணத் தொறந்து பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. பொறவு, எங்க பெர்சிஸக் காத்துக்கொள்ளும் ஆண்டவரேன்னாவ. அவுக வாயில அந்தப் பேரக் கேட்டதும் நானும் கண்ணத் தொறந்துட்டேன். காலையில, பெட்டி பாக்க வந்த அந்த மதார் தம்பியக் கூப்பிடுன்னு சொன்னதும் அவுகதான்.

அந்தா, வாராவ. தம்பி, எது எப்படி இருந்தாலும் பெட்டியிலதான் கோளாறுன்னு சொல்லிருங்க. எங்கிட்டயும் அப்படியே சொல்லுங்க.