ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது மேடம், ஆனாலும் நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டேன். ஆசையாகக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் சொல்கிறேன். எழுதுகிற தம்பி மெதுவாக எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

கெலமங்கலம் பக்கத்து ரோஜாப் பண்ணையில் எனக்குப் பத்தொன்பது வருஷம். பேக்கிங் ஷெட்டில் முள் கிள்ளுகிறவளாகச் சேர்ந்தேன், இப்போது சூப்பர்வைசர். என் கையின் கீழே பதினோரு பெண்கள், எல்லாருக்கும் நான் ரத்னம்மா. பூவை நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, தண்ணீர் பக்கெட்டில் நிற்க வைத்துக் கோல்ட் ரூமுக்குள் அனுப்ப வேண்டும். அங்கே எப்போதும் இரண்டு டிகிரிதான். ஜனவரி கடைசியில் வெளிநாட்டு ஆர்டர் குவிந்துவிட்டால் ஞாயிறு என்ற ஒன்றே கிடையாது. ஆனால் ரிஜிஸ்டரில் ஞாயிறு லீவுதான். அதை எழுதுகிறவளும் நான்தான். வந்தவர்களுக்கு அடுத்த மாதம் ஒரு நாள் லீவு கொடுப்போம், உகாதிக்குப் புடவை எடுத்துக் கொடுப்போம். யாரும் குறை சொன்னதில்லை.

மோகனப்ரியா வந்த பிறகுதான் சொல்ல ஆரம்பித்தார்கள். பி.காம். முடித்த பெண். அப்பா இல்லை, அம்மா வெங்கடம்மாள் மட்டும்தான். கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களை உட்கார வைத்து, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு, அதைத் தாண்டினால் ஓ.டி., ரெட்டைச் சம்பளம், அது நம் உரிமை என்று சொல்லிக் கொடுப்பாள். ஒவ்வொருத்தியின் கூடுதல் நேரத்தையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அதுவரைக்கும் எனக்குக் கோபமில்லை.

ஒரு நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ரத்னம்மா, உங்குளுதும் போட்டுப் பாத்தேன். பத்தொம்பது வருசத்துக்கு ஆறு லட்சத்து நாப்பதாயிரம் வருது. கொறச்சலாத்தான் போட்டிருக்கறேன்."

எனக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்தாள். என் மகன் திருமலையைப் பீஸ் கட்ட முடியாமல் காலேஜிலிருந்து நிறுத்தினேன். இப்போது லாரி ஓட்டுகிறான். ஆறு லட்சத்து நாற்பதாயிரம். பாத்திரம் துலக்கும்போதும் அதுதான், தலை வாரும்போதும் அதுதான். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பேன். எனக்கு யாரும் ரெட்டை போட்டதில்லை. அதனால் நான் என்ன செத்தா போய்விட்டேன்.

அந்த ஞாயிறு காலை எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். பதினொரு மணிக்கு மேனேஜர் குருமூர்த்தி பெங்களூரிலிருந்து போன் செய்தார். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், தொழிலாளர் ஆபீஸர் வருகிறார், ஷெட்டில் ஒரு ஆள் இருக்கக் கூடாது என்றார். யார் கொடுத்தது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மோகனப்ரியாவை ஒரு பக்கெட் எடுத்துவரச் சொல்லிக் கோல்ட் ரூமுக்குள் அனுப்பிவிட்டு வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி தீபாவளியிலிருந்தே உடைந்து கிடந்தது. போன்களை எல்லாம் காலையிலேயே என் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவோம். காலையிலிருந்து பக்கெட்டோடு மல்லுக்கட்டியதில் அவள் சுடிதார் இடுப்புவரை நனைந்திருந்தது. அதைக் கவனித்தேன்.

மற்ற பத்துப் பேரையும் வேனில் ஏற்றினேன். அவள் எங்கே என்று டிரைவர் கோவிந்தன் கேட்டான். முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டாள் என்றேன்.

ஆபீஸர் வந்தார், ரிஜிஸ்டரைப் புரட்டினார், காலி ஷெட்டைப் பார்த்தார். கோல்ட் ரூமைத் திறந்தால் பூ கெட்டுவிடும் என்றேன், சரி என்று தூரத்திலேயே நின்றுவிட்டார். மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு வேறொன்றும் கேட்கவில்லை.

அவர் போன பிறகு கதவில் காதை வைத்தேன்.

"நோட்டக் குடுத்துடறேன்னு சொல்லு, தொறக்கறேன்."

"அது என்னுது மட்டும் இல்ல ரத்னம்மா. உங்க கணக்கும் அதுலதான் இருக்குது. குளுருது, தொறங்க."

அந்த நடு வார்த்தையை அவள் சொல்லாமல் இருந்திருந்தால் திறந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். புளிசாதம் கொண்டுபோயிருந்தேன், சாப்பிட்டேன். அவளாகவே ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன், அவ்வளவுதான்.

நாலு மணிக்கு வெங்கடம்மாள் எனக்குப் போன் செய்தாள்.

"பாப்பா போன எடுக்க மாட்டேங்குது ரத்னம்மா. அங்கதான இருக்குது?"

"இன்னைக்கி ஞாயித்துக்கெழம. வேலையே இல்லியே."

"நானேதான வேன்ல ஏத்தி உட்டேன்."

"ரிஜிஸ்டர்ல பேரு இல்ல வெங்கடம்மா."

பின்னால் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் போனைக் கையால் பொத்திக்கொண்டேன். பிறகு, நீங்க சொன்னா சரி என்று வைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை லோடு ஏற்ற வந்தவர்கள்தான் திறந்தார்கள். நோட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி மடியில் வைத்திருந்தாளாம். பூ ஒன்றுகூட வாடவில்லை.

அதிலிருந்து என் வீட்டு ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அப்படியும் தட்டுகிறாள். அவசரமாக இல்லை. மூன்று தட்டு, கொஞ்சம் விட்டு இன்னும் மூன்று. நீங்கள் சாய்ந்திருக்கிற இந்த பீரோவிலும் இப்போது கேட்கிறது. நீங்கள் திரும்பிப் பார்க்காததால் உங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிகிறது. எனக்குப் பயமில்லை. இரும்மா, வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

திங்கட்கிழமை விடிந்ததும், யாரும் வருவதற்கு முன்னால் நான் போய் ஓ.டி. ரிஜிஸ்டரில் ஞாயிற்றுக்கிழமையை எழுதினேன். பத்தொன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பத்துப் பேருக்கு எட்டிலிருந்து பதினொன்று வரை. மோகனப்ரியாவுக்கு எட்டிலிருந்து ஐந்து இருபது வரை. எல்லாருக்கும் ரெட்டை. அவளுக்கு மட்டும் ஏன் ஐந்து இருபது என்றுதானே நீங்கள் முதலில் கேட்டீர்கள். தட்டுவது அப்போதுதான் நின்றது மேடம். நின்ற பிறகுதான் விளக்கை அணைத்துவிட்டு நான் வீட்டுக்குக் கிளம்பினேன். கதவைத் திறந்து பார்க்கவில்லை.

உயிர் போனது ராத்திரி ஒன்பது மணிவாக்கில் என்று டாக்டர் எழுதியிருப்பதாக இப்போது சொல்கிறீர்கள். அது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் மூன்று மணி நாற்பது நிமிஷத்தைக் குறைத்து எழுதிவிட்டேன். அதையும் ரெட்டையாகப் போட்டு வெங்கடம்மாளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். உழைத்தவளின் கூலியில் கைவைக்கிற ஆள் நான் இல்லை.