செத்தவன் சொன்ன டாக்டர்

- செத்தவனுக்கு இம்புட்டு வெவரம் எப்பிடித் தெரிஞ்சுச்சு ஜோதி? அத மொதல்ல சொல்லு.

- மெதுவாப் பேசுங்க. பஸ் ஸ்டாப்புல நாலு பேரு நிக்கிறாக. பிள்ள இப்பத்தான் கண்ணசந்திருக்கான்.

- இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன். ஒன் தம்பி அழகுராஜா எட்டாப்பு தாண்டல. அவன் ஆவி இந்தக் குறி சொல்ற பொம்மையன் சாமி மேல எறங்கி, 'ரத்தவியல் சிறப்பு மருத்துவர்'ங்குது. கவர்மென்ட் ஆபீஸ்லகூட இப்பிடித் தமிழ் வராது.

- மேல போனவுகளுக்கு எல்லாம் தெரியும்.

- தெரியட்டும். மதுரையில எந்த ஆஸ்பத்திரி, லிப்டுக்கு எந்தப் பக்கம், சாயங்காலந்தான் பாப்பாரு, போன் பண்ணிட்டுப் போங்க... இதெல்லாமா தெரியும்? அங்க உக்காந்து டோக்கன் போடுறானா ஒன் தம்பி? சிரிக்கிற பாரு.

- சிரிக்கல. மூஞ்சியில வெயிலு... ஒங்க அம்மா நம்புனாகளா இல்லியா, அதச் சொல்லுங்க.

- நம்புனதா? விழுந்து கும்புட்ட வேகத்துல சாமியோட உடுக்கு உருண்டு வாசலுக்கே போயிருச்சு. பந்தக்காரனுக்குப் போனப் போட்டு, 'காதுகுத்து இல்லப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் மினி பஸ்ஸே ஏறுச்சு. 'சிங்கக்குட்டியின் காதணி விழா'ன்னு ஊர்ச் சந்தியில கட்டுன பிளக்ஸ இன்னேரம் அதுவே அவுத்துக்கிட்டு நிக்கும். போன வாரம் நீ இதையே சொன்னதுக்கு என்ன ஆட்டம் ஆடுச்சு...

- 'டாக்டருக்கு ரத்தந்தான் தெரியும், எங்க வம்சம் தெரியுமா'ன்னாக. 'எங்க வீட்டு ரத்தம் கெட்டித் தயிரு மாதிரி'ன்னாக. அப்பிடி இருந்திருந்தாத்தான் பெரச்சனையே இல்லியே அத்தன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

- அந்த நாக்காலி...

- அதப் பேசாதீக.

- இல்ல, நெனச்சா எனக்கே ஒரு மாதிரி வருது. தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்தணும், மாமன் உசுரோட இல்ல. அதுக்காக நாக்காலிக்கு வேட்டியச் சுத்தி, சட்டைய மாட்டி, செத்தவன் போட்டோவ அதுக்கு மேல கட்டி, அது மடியில பிள்ளைய உக்கார வைக்கிறதாம். ஊர்ல எவன் செய்வான்? நான் வீட்டுக்குள்ள வாரேன், மூலையில ஆளு உக்காந்திருக்கு. 'வாங்க மாப்ள'ன்னுட்டேன்.

- நீங்களாச்சும் வாங்கன்னதோட சரி. பிள்ள தவந்து தவந்து அது காலடிக்கே போறான். தூக்குனா அழுகுறான். தூக்குன எடமெல்லாம் வெரலு வெரலா நீலம்.

- 'மாமன் மடிக்குக் கூப்புடுறான், அவன் புடிச்ச தடம்'னுச்சு அம்மா.

- நானும் செத்த நேரம் அப்பிடித்தான் நம்புனேன். அப்புறம் என் கைய அந்தத் தடத்து மேல வச்சுப் பாத்தேன். சரியாப் பொருந்துது. என் வெரலுங்க அது. பெத்தவ தூக்குன தடம்.

- சுகன்யா டாக்டரு அதத்தான சொன்னாக?

- ஆமா. ரத்தம் ஒறையிறதுக்கு ஒரு சத்து வேணுமாம், அது இவனுக்குக் கம்மியா இருக்கும் போலங்குறாக. லேசா அழுத்துனாலும் உள்ளுக்குள்ளயே கசியுமாம். 'நான் பிள்ளைகளுக்குப் பாக்குற டாக்டரு, இதுக்குன்னே படிச்சவுக இருக்காக, அவுகட்டக் காட்டி உறுதி பண்ற வரைக்கும் ஒரு ஊசி குத்தக் கூடாது'ன்னாக.

- இதுக்குன்னே படிச்சவுக... திண்டுக்கல் பூரா அலஞ்சாச்சு. ரத்த டாக்டரு எங்கன்னு கேட்டா ரத்தம் எடுக்குற லேப்பக் காட்டுறான். ஒரு எடத்துல தானம் பண்ண வந்திருக்கேன்னு என்னயப் படுக்கவே வச்சுட்டாக.

- நீங்க எப்ப அலஞ்சீக? ஏங்க, நீங்க ஒங்கம்மா பக்கம்ல நின்னீக?

- மொதல்ல நீ சொல்லு. பொம்மையன்ட்ட முன்னாடியே போனியா இல்லியா?

- போனேன். நிலக்கோட்டைக்குப் பூ எடுக்கப் போறேன்னுட்டு, சகாயசெல்வி அக்காவத் தொணைக்குக் கூட்டிட்டுப் போனேன். 'டாக்டரு சொன்னா எங்க அத்த கேக்காது, நீங்க சொன்னாக் கேக்கும்'னு கும்புட்டேன். 'முக்காலமும் உணர்ந்த வாக்குச் செம்மலப் பொய் சொல்லச் சொல்றியா'ன்னு கண்ண உருட்டுனாரு. அப்புறம், 'அந்த ஆஸ்பத்திரி பேர இன்னொருக்காச் சொல்லு'ன்னாரு.

- எனக்கும் அதே முக்காலந்தான். அதே உருட்டுத்தான்.

- என்னது?

- ஒனக்கு முன்னாடியே நான் போயிட்டேன். ஒண்ணுந் தெரியாத மாதிரி ஒன்ட்டயும் கேட்டிருக்கான் பாரு அந்தாளு.

- நீங்களா?

- பின்ன? அன்னைக்குப் பிள்ள நாக்கக் கடிச்சுக்கிட்டானே, ரத்தம் நாள் பூரா நிக்கலியே. தொட்டில் துணியெல்லாம்... அதப் பாத்தவன் பந்தலா போடுவான்? சுகன்யா டாக்டரத் தனியாப் போயிப் பாத்தேன். எங்கம்மாவ எதுத்துப் பேச எனக்கு வாய் வராது. சரி, செத்தவன விட்டே பேச வைப்போம்னு...

- அப்ப அதுவும் சொல்லியிருப்பாகளே. யாரு வழியா வருதுன்னு.

- சொன்னாக. ஒன் தம்பி பாம்பு கடிச்சுச் செத்தான்னு ஒங்க வீட்டுல சொன்னது பொய்யின்னும் அப்பவே புரிஞ்சு போச்சு.

- வேண்டுதல்னு அவனுக்குக் காது குத்துனாக. ரத்தம் நிக்கவே இல்ல... எங்க அம்மாகூடப் பொறந்த ஆம்பளைகளும் அப்பிடித்தான். ஒருத்தருக்குப் பல்லுப் புடுங்குனாக. ஒருத்தரு சும்மா கீழ விழுந்தாரு, அம்புட்டுத்தான். எங்க வழியில பொம்பளைக மட்டும் மிஞ்சுறோம். ஆம்பளைகளத் தின்னுட்டு நிக்கிற மாதிரி நிக்கிறோம்.

- அட, சும்மா இரு. நீ என்ன கேட்டா வாங்குன? ஆத்தாட்ட ஒளிஞ்சு கெடந்து ஆம்பளப் பிள்ளைட்டத் தல காட்டுமாம். எல்லாப் பிள்ளைக்கும் வரணும்னு கட்டாயமும் இல்லியாம். இப்ப அதுக்கு ஊசி இருக்கு, மொறையாப் போட்டா மத்த பிள்ளைக மாதிரி பள்ளிக்கூடம் போவான்னாக. ஒன் மாமன்மாரு காலத்துல நாக்காலிக்கு வேட்டி கட்டத்தான் ஆளிருந்துச்சு, இதுக்கு ஒரு டாக்டரு இருக்காருன்னு சொல்ல ஆளில்ல.

- ...பஸ்ஸு வருது பாருங்க.

- அது பழனி போறது. ஜோதி, ஒண்ணு மட்டும் ஒதைக்குது.

- என்ன?

- எல்லாம் முடிஞ்சு, உடுக்கக் கீழ வச்சதுக்கு அப்புறம்... சாமி கொரல் மாறி, சின்னப் பையன் கணக்கா ஒன்னய மட்டும் பாத்து ஒண்ணு சொன்னாருல்ல. 'அக்கா, வயித்துல இருக்குறதப் பத்தியும் அந்த டாக்டர்ட்டச் சொல்லிரு'ன்னு. அத எதுக்குச் சேத்த? அம்மா அழுத அழுகையில அது காதுல விழுகல, தப்பிச்சோம்.

- நான் சேக்கலியே. நீங்க சொல்லிக் குடுத்ததுன்னுல்ல இருந்தேன்.

- இல்லாத பிள்ளையப் பத்தி நான் எதுக்குச் சொல்லிக் குடுக்குறேன், ஜோதி?

- இருக்குங்க. நேத்துத்தான் டெஸ்ட் பண்ணிப் பாத்தேன்... இந்த நிமிசம் வரைக்கும் ஒரு ஆளுட்ட வாயத் தொறக்கல. ஒங்கள்ட்டக்கூட.