பாவு மேல் வயித்தெரிச்சல்

வாலாஜாபாத் போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் ரெண்டு பெண்கள். சின்னவள் கையில் இன்ஹேலர்.

“தறியில கிடக்கிற பட்டுப் பாவு நூலைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுதுக்கா.”

“நூலு மேல என்னடி பொறாமை?”

“காத்து பட்டா இழை காஞ்சு அறுந்துடுமாம். எங்க வீட்டுக்காரரு ஜன்னலையே திறக்க விடமாட்டாரு. செவுரெல்லாம் பூஞ்சை. அதனாலகூட இந்த இழுப்பு இருக்கலாம்னு டாக்டர் சொல்றாரு.”

“திறந்துட வேண்டியதுதானே?”

“நேத்து திறந்தேன். ஒரு இழை அறுந்து தொங்குச்சு. மனுஷன் பாதி சோத்துல எழுந்து ஓடி, அதை முடிச்சு போட்டு, ஜன்னலைச் சாத்திட்டுதான் வந்தாரு.”

இருமல் வந்து பேச்சு நின்றது. அடங்கியதும் சொன்னாள்:

“நான் இந்த மாதிரி இருமினா, டிவி சத்தத்தை ஏத்தி வெச்சிக்கிறாருக்கா.”