எதிர்த்துப் பேச ஒரு ஆள்

ஐயோ, கால்லயெல்லாம் விழாதீங்கக்கா. ஆஸ்பத்திரி வராந்தா இது, நாலு பேரு பாக்கறாங்க. இப்படி பெஞ்சுல உக்காருங்க. உங்க வீட்டுக்காரர் லாக்கப்புல, என் தம்பி உள்ள ஐசியூல. ஒரே மாடிப்படி ஏறி இறங்கறவங்க, விதியைப் பாருங்க. புகாரை வாபஸ் வாங்குன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. மூணு நாளா யார்கிட்டயும் இதை நான் சொல்லலை.

நான் டிவி நியூஸ்ல இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? என் மூஞ்சி வராது, மைக் புடிச்ச கை மட்டும்தான் வரும். ரோட்டுல போறவங்களை நிறுத்தி, நீங்க என்ன நினைக்கறீங்கன்னு கேக்கற வேலை. முப்பது பேரைக் கேட்டா மூணு பேரு நிப்பாங்க. மத்தவங்க வெறிநாயைப் பாத்த மாதிரி ஓடுவாங்க.

அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் மாதிரி டிரைவருங்க பண்ணின பஸ் ஸ்ட்ரைக் ஒன்பதாம் நாளு. ஆதரிச்சுப் பேச ரெண்டு பேரு, எதிர்த்துப் பேச ஒருத்தர், அஞ்சு மணிக்குள்ள வந்தாகணும்னுட்டாரு எடிட்டர். ஆதரிக்கறவங்க வரிசையா நின்னாங்க. எதிர்த்துப் பேச ஒரு ஈ காக்கா இல்லை. ஆபீசுக்கு நடந்தே போய்க் கால் வீங்கின அம்மா கூட, டிரைவருங்க பாவம்மாங்கறாங்க. மணி நாலே கால். மழை வேற. எடிட்டர் போன்ல கத்தறாரு. போன வாரமும் வெறுங்கையோட வந்த, இன்னிக்கும் அப்படின்னா நாளையிலேர்ந்து வராதங்கறாரு. கேமராமேன் என்னைப் பாக்காம லென்ஸைத் தொடைச்சுக்கிட்டே நிக்கறாரு.

அந்த நேரத்துலதான் தம்பி வந்தான். பக்கத்துல எங்கயோ ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வந்திருக்கான். அக்கா நனையறாளேன்னு கடையில பிளாஸ்டிக் ஷீட் கேட்டு வாங்கிட்டு ஓடி வரான். என்ன? உங்க வீட்டு ஃபிரிட்ஜையும் அவன்தான் பாத்தானா? காசு வாங்கியிருக்க மாட்டானே. அவன் அப்படித்தான்.

கேமரா முன்னாடி நில்லுடான்னேன். நின்னான்.

அப்புறம் வந்ததைத்தான் ஊரே பாத்துச்சே. வேலைக்கு வராதவன் வீட்டுல அடுப்பு எரியக் கூடாது, அப்பத்தான் புத்தி வரும்னான். பன்னெண்டு செகண்டு. ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணின்னு திருப்பித் திருப்பிப் போட்டாங்க. எடிட்டர் எனக்கு சபாஷ்னு மெசேஜ் அனுப்பினாரு. மறுநாள் காலையில படிக்கட்டுல வெச்சு உங்க வீட்டுக்காரர் அவன் சட்டையைப் புடிச்சாரு. ஒரு தள்ளு. மண்டை கீழ்ப்படியில.

நேத்து கண்ணு முழிச்சான். பேச்சு வரலை. வருமான்னு டாக்டருக்கே தெரியலை. ஜாடையில தண்ணி கேக்கறான்.

அழாதீங்கக்கா. சத்தியமா எனக்கு உங்க வீட்டுக்காரர் மேல ஆத்திரம் இல்லை. வீட்டுல பிள்ளைங்க பசியோட இருக்கறப்ப எந்த மனுஷன் அதைக் கேட்டுக்கிட்டு சும்மா இருப்பான்?

தம்பி முதல்ல சொன்னது அது இல்லைங்க. பாவம் பிள்ளைகுட்டிக்காரங்க, கேட்டதைக் குடுத்தா என்ன கொறைஞ்சுடும்னுதான் சொன்னான். ஆதரிச்சுப் பேசினது என்கிட்ட ரெண்டு இருக்குடா, நீ எதிர்த்துப் பேசுன்னேன். அந்த அடுப்பு வார்த்தை என்னோடது. உள்ளங்கையில எழுதி, மைக்குக்குக் கீழ புடிச்சுக் காட்டினேன். வேணாங்கக்கா, எதிர் வீட்டு அண்ணன் டிரைவருன்னான். யாருடா பாக்கப் போறாங்கன்னேன். மூணு தடவை சொல்ல வெச்சேன். முதல் ரெண்டு தடவை கோபம் பத்தலை.

அவனா சொன்னதான்னு போலீஸ்ல கேட்டாங்க. ஆமா, அவனேதான்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்.

இப்ப அதை மாத்தி எழுதிக் குடுக்கத்தான் கிளம்பினேன். நீங்க வந்துட்டீங்க. தனியாப் போனா பாதி வழியில மனசு மாறித் திரும்பிடுவேங்க, என்னை எனக்குத் தெரியும். ஸ்டேஷன் வரைக்கும் கூட வரீங்களாக்கா?