தீரைட்டின் கீற்று நிறம்

"தட்டிப் பாக்காம உள்ள போனா மலை சும்மா விடுமா? கிழவன் தானா தேடிக்கிட்டது."

"வாயக் கழுவிட்டுப் பேசு ஸ்தூரே. எஸ்கில் கல்லு பொறுக்க ஆரம்பிச்சப்போ நீ மூக்கு ஒழுகிக்கிட்டுத் திரிஞ்ச."

"அதத்தான் சொல்றேன். அம்பது வருஷமா போறவன்ங்கிற திமிரு. காது வேற டமாரம்."

"செத்தவரப் பத்தி இப்பிடிப் பேசினா உனக்கு ஆயுசுக்கும் ஒரு நல்ல கல்லு கெடைக்காது, பாத்துக்க."

போன சனிக்கிழமை பிலிப்ஸ்டாட் கல் பரிமாற்றச் சந்தையில் ஸ்தூரேவும் விவெகாவும் போட்ட சண்டை இது. நான் அவர்களுக்குப் பின்னால் காபி வரிசையில் நின்றிருந்தேன். ஏலக்காய் பன் எடுப்பதா, சர்க்கரை பன் எடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஏலக்காய் பன்னே எடுத்தேன். அன்றைக்குக் கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது.

ஸ்தூரே சொன்னது தவறு. நம் கல் சேகரிப்போர் இணையக் குழுவில் தவறான தகவல் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். எஸ்கில் கூரையைத் தட்டிப் பார்க்காமல் உள்ளே போகவில்லை. அப்படிப் போகிற மனுஷர் அல்ல அவர். கூரை தட்டப்பட்டது. தட்டியவன் நான்.

என் பெயர் ஹால்வார். பழையவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன்: இருபத்தாறு வருஷமாக ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு வேலை. வார இறுதியில் கல். மூடிப்போன கோர்ப்பா சுரங்கத்தின் கதவுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீரைட் என்ற கனிமத்தின் பெயர் என் மகள் தீராவின் பெயரால் வந்தது. அதைக் கண்டெடுத்தவள் அவள்தான். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. கை விறைக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்று காலையிலிருந்து சிணுங்கிக்கொண்டிருந்தவள், கோர்ப்பா சுரங்கச் சுவரில் இருந்த ஒரு வெடிப்பைச் சுத்தியலால் கோபத்தில் தட்டினாள். கையகலக் கட்டி ஒன்று விழுந்தது. உள்ளே கடுகை விடச் சிறிய கறுப்பு மணிகள். நம் வழக்கப்படி மெருகில்லாத பீங்கான் ஓட்டில் ஒன்றைத் தேய்த்தாள். கல்லின் நிறம் எதுவாக இருந்தாலும் ஓட்டில் விழும் பொடியின் நிறம்தான் அதன் உண்மை நிறம். கீற்று என்று நாம் சொல்வது அதைத்தான். கறுப்பு மணி மஞ்சள் கீற்றுப் போட்டது.

"அப்பா, இது ஏமாத்துக் கல்லுப்பா. மேல கறுப்பு, உள்ள மஞ்சள்."

இரண்டு வருஷத்தில் அவள் போய்விட்டாள். ரத்தப் புற்று. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

எஸ்கில் கல்லூரியில் கனிமவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்தான் அந்த மணிகளை இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். மாங்கனீசு, ஈயம், ஆக்சிஜன் மூன்றும் இதுவரை யாரும் பார்க்காத அளவில் கலந்திருந்தன. ஆக்சைடு. கனிமப் பட்டியலில் அது நான்காம் வகுப்பு. அந்த வகுப்புக்குள் மூன்று பங்கு உலோகத்துக்கு நான்கு பங்கு ஆக்சிஜன் என்ற வரிசையில் ஒரு புது இடம். உலகக் கனிமங்களின் பட்டியலை வைத்திருக்கும் குழு ஓட்டெடுத்து ஒப்புக்கொண்டது. கண்டுபிடித்து எழுதுகிறவர் தன் பெயரை வைக்கக் கூடாது என்பது விதி. எஸ்கிலுக்கு அந்த ஆசையும் இல்லை. "கல்ல எடுத்தவ பேருதான் கல்லுக்கு" என்றார்.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் என் மனைவி அன்னெலி எழுந்து குளித்தாள். அதற்கு முன் பதினோரு மாதம் அவள் படுக்கையை விட்டு எழுந்ததே அபூர்வம். பட்டியலை மாதம் ஒரு முறை புதுப்பிப்பார்கள். அவள் தினமும் பார்த்தாள். காலையில் காபியை வைத்துக்கொண்டு தொலைபேசியில் த வரிசை வரைக்கும் தள்ளிக்கொண்டே போவாள். "இருக்கா?" என்று நான் கேட்பேன். "இருக்கா" என்பாள். நான் கல்லைக் கேட்பேன். அவள் பெண்ணைச் சொல்வாள். இப்படி ஐந்து வருஷம்.

போன பிப்ரவரியில் எஸ்கில் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். சமையலறை மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

"உக்காருப்பா. கெட்ட சேதி."

பழைய இயந்திரம் கல்லின் மேல் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றை அகலமானது. புதியது ஊசி மாதிரி. அதில் பார்த்தால் அந்த மணி ஒரே பொருள் அல்ல என்றார். உள்ளே ஹவுஸ்மனைட், நமக்கெல்லாம் தெரிந்த பழைய மாங்கனீசு ஆக்சைடு. மேலே வெங்காயச் சருகு போல ஈய ஆக்சைடுத் தோல். அகலமான கற்றை இரண்டையும் சேர்த்து எண்ணிவிட்டது. தோலைத் தேய்த்தால் மஞ்சள். தோல் போனபின் தேய்த்தால் பழுப்பு.

"அப்ப தீரைட்?"

"அப்பிடி ஒண்ணு இல்லப்பா. ரெண்டு பழைய கல்லு ஒட்டிக்கிட்டு நிக்குது. தப்பு பண்ணது நான். நான்தான் எழுதித் திருத்தணும்."

பெயர் நீக்கப்பட்ட கனிமங்களுக்கு வேறொரு பட்டியல் உண்டு. உங்களில் பலர் அதைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அன்றிரவு திறந்து பார்த்தேன். நீளமாக இருக்கிறது. எல்லாம் யாரோ ஒருவரின் பெயர்.

நான் கேட்காமல் இல்லை. நான்கு தடவை போய்க் கேட்டேன். ஒரு வருஷம் பொறுங்கள் என்றேன். அன்னெலியைப் பற்றிச் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் அப்படி உட்காருவது சுலபம் இல்லை, முழங்கால் ஒத்துழைக்காது. அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"ஹால்வார், நான் இத வேற யாருகிட்டயும் சொல்லல. ஊரக் கூட்டி உன்ன அசிங்கப்படுத்த மாட்டேன். கடுதாசிய எழுதி இழுப்பறைல வச்சிருக்கேன், அனுப்பல. ஒரே ஒரு தடவ அந்த வெடிப்புல ஆழத்துல இருந்து புதுசா ஒரு துண்டு எடுப்போம். தண்ணி படாத கல்லு. அதுலயும் உள்ள வரைக்கும் மஞ்சளா வந்தா நான் முட்டாள்னு ஒத்துக்கறேன். பழுப்புன்னா அனுப்பிடுவேன்."

"சரி" என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் மாதம், இரண்டாம் சனிக்கிழமை, காலை பத்து மணி. பனி உருகிக்கொண்டிருந்தது. எஸ்கில் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தலைக்கவசத்துக்குள் அது விசிலடிக்கும். அதனால்தான் நாங்கள் சேர்ந்து போகும்போதெல்லாம் கூரை தட்டுவது என் வேலை.

தெரியாதவர்களுக்காக: இரும்புக் கம்பியால் கூரையைத் தட்ட வேண்டும். நல்ல பாறை கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போன பாறை பூசணிக்காயைத் தட்டினது போலப் பொத்தென்று ஒலிக்கும். தட்டுகிறவன் இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும். "பாடுது" அல்லது "பொம்". வேறு பேச்சு கிடையாது. இந்த ஊர்ச் சுரங்கக்காரர்கள் முந்நூறு வருஷமாக அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் தலையை உள்ளே விட்டார்கள்.

வெடிப்புக்கு மேலே தட்டினேன். எஸ்கில் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது கேட்காததால் உதட்டைப் பார்ப்பார்.

பொம். அது எனக்குப் புதுச் செய்தி அல்ல. மூன்று வருஷத்துக்கு முன்பே அந்த இடத்தைக் கண்டுபிடித்து, கூரையில் சிவப்பு பெயிண்டால் பெருக்கல் குறி போட்டவன் நானே. நாங்கள் போன அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை, வேலை முடிந்து போய், அந்தக் குறியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்திருந்தேன். பழைய பெயிண்ட், எப்படியும் உதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

"பாடுது" என்றேன்.

நான் அவரைத் தள்ளவில்லை. கை வைக்கவில்லை. உள்ளே வரச் சொன்னதும் நான் இல்லை. அவர் மண்டியிட்டு, உளியை வைத்து, ஏழெட்டு அடி அடித்தார். துண்டு கையில் வந்துவிட்டது. அதைத் தூக்கி என்னிடம் காட்டினார். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். அப்புறம்தான் கூரை இறங்கியது.

தூசி அடங்கப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். இடுப்புக்குக் கீழே பாறை. மேல் பாதி நன்றாகவே இருந்தது. நெற்றியில்கூடக் கீறல் இல்லை. தலைவிளக்கை அவர் முகத்தில் படாமல் திருப்பி வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். சட்டைப் பையிலிருந்து காதுக் கருவியை எடுத்து மாட்டிவிட்டேன்.

"மணி என்ன?" என்றார்.

"பத்தே முக்கால்."

"காலு தெரியல எனக்கு."

"இருக்கு. அசையாதீங்க."

"துண்டு எங்க?"

அது அவர் கையிலேயே இருந்தது. நான் எடுத்தேன்.

"ஓட்டுல தேயி. உள்பக்கமாத் தேயி, ஹால்வார். மேல்தோல்ல தேய்க்காத."

தேய்த்தேன். உள்பக்கத்தைத்தான் தேய்த்தேன், அதில் நான் ஏமாற்றவில்லை. ஓட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கீற்று விழுந்தது. பழுப்பாகத் தெரிந்தது. காபிப்பொடி நிறம்.

"என்ன?"

"மஞ்சள்."

அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"அப்போ அது கல்லுதான். தனிக் கல்லுதான். பாரேன், கிழவனுக்கு அகம்பாவம்… புது இயந்திரத்த நம்பி உன்ன அழ வச்சுட்டேனே. மன்னிச்சுக்கப்பா."

"பரவால்ல, எஸ்கில்."

"வீட்டுச் சாவி கோட்டுல இருக்கு. இழுப்பறைல அந்தக் கடுதாசி. கிழிச்சுப் போட்டுரு."

"சரி."

"அன்னெலிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேணாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். சுரங்கத்துக்குள் தொலைபேசி எடுக்காது. கதவுக்குப் போக இருநூறு மீட்டர், நான்கு நிமிஷம். ஆனால் ஒரு மனுஷர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது உதறிவிட்டு எப்படிப் போவது? அவர் கை தானாக விட்டபோது மணி பன்னிரண்டு இருபது. உடனே வெளியே போய்க் கூப்பிட்டேன். ஆம்புலன்ஸ் பதினெட்டு நிமிஷத்தில் வந்தது. நல்ல வேகம்தான். கூரை விழுந்ததுமே கூப்பிட்டிருந்தால் கால் ஒன்று போயிருக்கும், ஆள் பிழைத்திருப்பார் என்று வந்த டாக்டரம்மா சொன்னார். எனக்கு நேரம் தெரியவில்லை, மயங்கிக் கிடந்தேன் என்றேன். அவர் என் தோளில் கம்பளி போர்த்தினார்.

அன்று மாலையே கடிதத்தைக் கிழித்தேன். அவர் சொன்னபடி. அதைச் செய்யச் சொன்னது அவர்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் சந்தோஷமாகத்தான் போனார். தன் கணக்கு தவறு, பழைய முடிவே சரி என்ற நிம்மதி எத்தனை ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கிடைக்கிறது? இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று ஆறு மாதமாக நினைத்திருக்கிறேன்.

போலீஸ் ஏப்ரலிலேயே விபத்து என்று எழுதி மூடிவிட்டது. இதை அவர்களுக்கும் அனுப்புகிறேன். சாவியையும் கொடுத்துவிடுவேன். எஸ்கிலைக் கொன்றது நான்தான். ஸ்தூரே இனிமேல் அவரைத் திமிர் பிடித்தவர் என்று சொல்லக் கூடாது. அவர் என் வாயைப் பார்த்து, நான் சொன்ன சொல்லை நம்பித்தான் மண்டியிட்டார்.

ஆனால் இதை நான் எழுதியதற்கு இன்னொரு காரணம் உண்டு. அங்கே இருந்த வெளிச்சம் தலைவிளக்கு வெளிச்சம். பழைய பேட்டரி. காற்றெல்லாம் தூசி. என் கையில் வேறு ஈரம் இருந்தது. அந்த வெளிச்சத்தில் மஞ்சள்கூடப் பழுப்பாகத் தெரிய வாய்ப்பு உண்டு என்று எனக்குப் படுகிறது. அப்படியென்றால் நான் எஸ்கிலிடம் சொன்னது பொய்யே இல்லை. அந்தத் துண்டை இப்போது எடுத்துப் பகலில் தேய்த்துப் பார்க்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். தீப்பெட்டியில்தான் இருக்கிறது. என்னால் அந்தப் பெட்டியைத் திறக்க முடியவில்லை. அன்னெலி இன்று காலையும் பார்த்தாள். பெயர் இன்னும் இருக்கிறது.

தீரா எடுத்த கட்டியிலிருந்து எஸ்கில் பன்னிரண்டு பேருக்குச் சிறு துண்டு கொடுத்திருந்தார். உங்களில் யாரிடமாவது அது இருந்தால், ஒரு மணியைப் பாதியாக உடைத்து, உள்பக்கத்தை ஓட்டில் தேய்த்து, ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். மஞ்சளாக வந்தால் உடனே இங்கேயே கீழே பதில் எழுதுங்கள். பழுப்பாக வந்தால், ஓட்டை நன்றாகக் கழுவிக் காயவைத்து, இன்னொரு தடவை தேய்த்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.