மடக்குக் கத்தி

நல்ல கத்திக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டியதே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் வேட்டைச் சாமான் கடையில் நின்றவன் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நீளமான கத்தியைத்தான் கேட்பார்கள். இடுப்பில் தொங்கினால் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். மானின் வயிற்றைக் கீறிக் குடலை எடுக்க உள்ளங்கை நீள அலகு போதும். மடங்காத கத்தியாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறப் பிடியாக இருந்தால் சருகில் விழுந்தாலும் கண்ணில் படும். அப்படி ஒன்று என் கண்ணாடிப் பெட்டியில் இருபது டாலருக்கு இருந்தது. இங்கே விஸ்கான்சினில் பாதிப் பேர் இடுப்பில் இருப்பது அதுதான். உங்களிடமும் இருக்கும்.

டெவினுக்கு நான் அதைக் கொடுக்கவில்லை.

அவன் என் மகள் இங்க்ரிட்டின் கணவன். ஃபீனிக்ஸ்காரன், பாலைவனத்தில் வளர்ந்தவன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவளை அங்கே கூட்டிப்போய்க் குடிவைப்பதாக இருந்தான். போகுமுன் ஒரு தடவை என்னோடு மான் வேட்டைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டான். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்த ஆசை என்று எனக்குத் தெரியும். பிள்ளை நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் அவளே என்னிடம் திரும்பி வந்திருப்பாள். அதுதான் சிக்கல்.

சீசன் தொடங்குவதற்கு முந்தின நாள் கடைக்கு வந்தான். அடுப்புப் பக்கம் காப்பியோடு உட்கார்ந்திருந்த ஆஸ்கர் கிழவன் சும்மா இருப்பானா?

"ஏம்ப்பா எல்மர், உன் மருமகனுக்குக் கத்தி எதுக்கு? ஒரு ஸ்பூன் குடுத்து அனுப்பு. மான் சிரிச்சே செத்துடும்."

"ஸ்பூன் வீட்லயே இருக்கு, தாத்தா," என்று டெவினும் சிரித்தான். "மாமா, சீப்பா ஒண்ணு பாத்துக் குடுங்க. அடுத்த வருஷம் நான் வேட்டைக்கு வருவனோ என்னவோ."

"மடக்குக் கத்தியே போதும் உனக்கு. பாக்கெட்ல போட்டுக்கலாம்."

"நீங்க சொன்னா சரி, மாமா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிக்கிறேன்."

மேசை இழுப்பறையில் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. அலகைப் பிடித்து நிறுத்தும் பூட்டு சரியில்லை என்று யாரோ திருப்பிக் கொடுத்தது. விரித்தால் உறுதியாக நிற்பதுபோல் தெரியும். அலகின் முதுகில் அழுத்தம் விழுந்தால் மடங்கிவிடும். நான் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, புது உறையில் போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

சுட்ட மானை எப்படிச் சுத்தம் செய்வது என்றும் சொல்லிக்கொடுத்தேன். கடைசி வெட்டு நெஞ்சுக்கூட்டுக்குள். இரண்டு கைகளையும் முழங்கை வரை உள்ளே விட்டு, ஒரு கையால் மூச்சுக்குழலைப் பிடித்து, மறு கையால் அறுக்க வேண்டும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கத்தியின் முதுகு விலா எலும்பில் முட்டத்தான் செய்யும். குழலைப் பிடித்திருக்கும் கையின் மணிக்கட்டு பக்கத்திலேயே இருக்கும். கத்தி கட்டாயம் மடங்கும் என்று எனக்குத் தெரியாது. மடங்கலாம் என்று தெரியும். வித்தியாசத்தைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை மரத்தில் கட்டிய அவரவர் பரணில் ஏறினோம். ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அவன் கையில் இருந்தது என் பழைய துப்பாக்கி, அதன் குரல் எனக்குத் தெரியும். மான் விழுந்துவிட்டது என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அதே துப்பாக்கி சீராக மூன்று முறை வெடித்தது. எங்கள் காட்டில் மூன்று வெடி என்றால் ஆபத்து, உதவிக்கு வா என்று அர்த்தம்; அது குழந்தைக்கும் தெரியும். பரணில் ஏற்றுவதற்கு முன் நானேதான் அவனுக்கு அதைச் சொல்லியிருந்தேன்.

பிளாஸ்க்கைத் திறந்து காப்பி ஊற்றினேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். குளிர் அப்படி.

மறுபடியும் மூன்று. பிறகு குரல். "மாமா! மாமா!" பனி விழுந்த காட்டில் குரல் நன்றாகக் கேட்கும். முதல் நாள் மதியத்துக்கு முன் யாரும் பரணைவிட்டு இறங்கக்கூடாது என்பது எங்கள் முகாமின் விதி. விதி போட்டவன் நான். நானே மீறினால் நன்றாக இருக்காது.

இறங்கிப் போனபோது அவன் செத்திருந்தான் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அது சரியல்ல. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பெல்ட்டால் மணிக்கட்டை இறுக்கி, மறு முனையைப் பல்லால் கடித்திருந்தான். என்னைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டுச் சிரித்தான்.

"வந்துட்டீங்களா மாமா. கத்தி மடங்கிடுச்சு. நான்தான் சரியாப் பிடிக்கல போல."

"பேசாதே. தெம்பு போயிடும்."

"ஆஸ்கர் தாத்தாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வருஷம் பூரா ஓட்டுவாரு."

என் வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றது. ஆனால் மான் பாதி வேலையில் கிடந்தது. மூச்சுக்குழல் அறுபடவில்லை, குடல் உள்ளேயே இருந்தது. அப்படியே விட்டால் உடம்புச் சூட்டில் இறைச்சி கெட்டுவிடும். அவன் சுட்ட முதல் மான். என் கத்தியை எடுத்து முடித்தேன். ஈரலையும் இதயத்தையும் பையில் கட்டினேன். குளிர் காற்று உள்ளே போக ஒரு குச்சியை நெஞ்சில் குறுக்கே வைத்தேன். "எங்க மாமா இருக்கீங்க?" என்று ஒரு தடவை கேட்டான். "இங்கதான்ப்பா இருக்கேன்," என்றேன். அது பொய்யில்லை. நான் கையைப் பனியில் கழுவிவிட்டுத் திரும்பியபோது அவன் எதுவும் கேட்கவில்லை.

போலீஸ் வண்டியில் நீங்கள் வந்து மானைப் பார்த்ததுமே உங்கள் முகம் மாறியது. வேட்டைக்காரர் வீட்டுப் பெண்ணல்லவா? கத்தி மடங்கி மணிக்கட்டு அறுந்தவன் ஈரலைப் பையில் கட்டிக் குச்சியும் வைத்திருக்க முடியாது என்று உங்களுக்குப் புரிந்துவிட்டது. மானை அப்படியே போட்டிருந்தால் நான் இன்று வீட்டில் இருந்திருப்பேன். என்னால் முடியவில்லை. வளர்ப்பு அப்படி.

இங்க்ரிட் இப்போது எங்கள் வீட்டு மாடியில் தன் பழைய அறையில் இருக்கிறாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா, அவர் உங்களைக் கூப்பிட்டாரா?" காட்டில் எல்லோரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள் என்றேன்.

கெட்ட கத்தி என்று தெரிந்தே கொடுத்தேன், கூப்பிட்டது கேட்டும் போகவில்லை, அவன் உயிரோடு இருக்கும்போது மானைச் சுத்தம் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், நான் அவனைத் தொடவே இல்லை. அப்புறம், அந்த மானை உங்கள் கொட்டகையில் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். தோலை உரித்து நிழலில் தொங்கவிடச் சொல்லுங்கள். ஓர் உயிர் போயிருக்கிறது, அதை வீணாக்குவது பாவம்.